புராக்கு, சேரி, காலனி

எங்கள் கரையில் எல்லோருக்கும் ஒரு ஜப்பானியச் சொல் தெரியும். கையெழுத்துப் போடத் தெரியாத என் ஆயாவுக்கும் தெரிந்திருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் அது மரக்காணத்துக்கு வந்தது. அதற்கு முதல்நாள் வரைக்கும் இங்கே யார் வாயிலும் அந்தச் சொல் இருந்ததில்லை. சுனாமி. 'சு' என்றால் துறை, 'நாமி' என்றால் அலை. படித்தவர்கள் ஆழிப்பேரலை என்றார்கள், கடற்கோள் என்றார்கள். ஆயா எதையும் காதில் வாங்கவில்லை. "சுனாமி வந்துச்சுடா, அளத்துக்குள்ள சேறு பூந்துகினு கூலியில்லாம கிடந்தோம்" என்றுதான் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். நிவாரணம் படகையும் வலையையும் கணக்கெடுத்தது. பறிபோன கூலி எந்தப் பட்டியலில் ஏறும்? அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

இன்னொரு ஜப்பானியச் சொல் இருக்கிறது. அது எங்கள் கரையில் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தச் சொல் எதைச் சொல்கிறது என்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. புராக்கு.

புராக்கு என்றால் சிற்றூர், நாலு வீடு சேர்ந்த குடியிருப்பு. சொல்லின் பிறவிப்பொருள் அவ்வளவுதான். ஜப்பானின் வடபகுதியில் இன்றைக்கும் வயதானவர்கள் "எங்க புராக்குல" என்று சாதாரணமாகப் பேசுவார்கள், யாரும் முகத்தைச் சுளிப்பதில்லை. கியோட்டோ, ஒசாக்கா பக்கம் வந்து அதே சொல்லை உச்சரித்தால் குரல் தாழும், பேச்சு நிற்கும். அங்கே புராக்கு என்றால் ஒதுக்கப்பட்டவர்கள் இருக்கிற இடம். அந்த இடத்து ஆட்கள் புராக்குமின். செத்த மாட்டை அப்புறப்படுத்தியவர்கள், தோல் பதனிட்டவர்கள், செருப்புத் தைத்தவர்கள், தண்டனைக் களத்தில் வேலை செய்தவர்கள். இவர்களுக்கு முன்னால் இருந்த பெயர் 'எத்தா'. அதை எழுதுகிற எழுத்துகளுக்கு 'அழுக்கு மிகுந்தது' என்று பொருள். இன்னொரு கூட்டத்துக்கு 'ஹினின்' என்று பெயர். மனிதரல்லாதவர் என்று அர்த்தம். நிறத்தில் வேறுபாடு இல்லை, மொழி ஒன்று, முகம் ஒன்று. இருந்தும் 1603 முதல் 1868 வரை நடந்த தொக்குகாவா ஆட்சியில் இந்தப் பிரிவினை இரும்பாக இறுகியது.

ஒன்றைக் கவனியுங்கள். கோயில் விழாவில் அதிர்கிற பெரிய முரசுக்குத் தோல் கட்டியவர்கள் இவர்கள். சாமுராய்களின் கவசத்துக்கும் தோல் இவர்கள் கையிலிருந்துதான் போயிற்று. முரசு சாமிக்கு ஆகும், முரசு செய்த கை ஆகாது. பறையையும் பறையடிப்பவனையும் தெரிந்த நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் தெருப் பெண்கள் மிதித்து இறுக்கிய பாத்தியில்தான் உப்பு பூக்கிறது. அவர்கள் வாரிக் குவித்த உப்பு எந்த வீட்டு அடுப்படிக்கும் கூச்சமில்லாமல் போகிறது. உப்புக்குத் தீட்டு கிடையாது.

1871-இல் ஜப்பானிய அரசு ஓர் ஆணை போட்டது. எத்தா, ஹினின் என்ற பெயர்கள் ஒழிந்தன, இனி எல்லோரும் குடிமக்கள் என்றது. ஆணை வந்த மறுகணமே ஊர்க்காரர்கள் ஒரு புதுப்பெயர் கண்டுபிடித்துவிட்டார்கள்: 'ஷின் ஹெய்மின்', அதாவது புதுக் குடிமக்கள். நேற்றுவரை நீ யார் என்று எங்களுக்குத் தெரியும் என்பதுதான் அந்தப் 'புது'வுக்குப் பொருள். 1873-இல் மிமாசாக்கா என்ற பகுதியில் கலவரம் வெடித்தது. வரி, பள்ளிக்கூடம், ராணுவச் சேவை என்று பல கோபங்கள். எல்லாம் போய் விடிந்த இடம் எத்தாக்களின் குடியிருப்பு. இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள், ஆட்களைக் கொன்றார்கள். இனிமேல் பழையபடி பணிந்து நடப்போம் என்று மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார்கள்.

மரக்காணத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவனுக்கு 2013 ஏப்ரல் 25 நினைவுக்கு வராமல் இருக்காது. மாமல்லபுரத்துச் சித்திரை முழுநிலவு விழாவுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி வண்டியாகக் கூட்டம் போன நாள். கட்டையன்தெருவில் நம் சனங்களின் வீடுகள் எரிந்தன. அந்த இடத்தின் பெயரிலேயே 'தெரு' இருக்கிறது. செய்திகளில் அது 'தலித் காலனி' ஆகிவிட்டது. எரிக்க வந்தவனுக்கும் எழுத வந்தவனுக்கும் எந்த இடம் என்று தெளிவாகத் தெரிந்திருந்தது.

நம் சொல்லுக்கு வருகிறேன். சேரி என்ற சொல்லும் புராக்கு மாதிரி ஒரு குற்றமும் செய்யாத சொல். சேர்ந்து இருப்பது சேரி. உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைக்காகக் கொண்டாடுகிறோம். பத்தாம் நூற்றாண்டில் அந்தப் பார்ப்பன ஊரின் பிரிவுகளுக்கு என்ன பெயர்? சேரி. பன்னிரண்டு சேரி இருந்ததாக அந்தக் கல்லே சொல்கிறது. வேதம் படித்தவர்கள் சேரியில்தான் குடியிருந்தார்கள்! அதே சோழர் காலத்தில், ராஜராஜனின் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளில், பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று தனியாகவும் எழுதியிருக்கிறது. அப்போது சேரிக்கு முன்னால் ஓர் அடைமொழி தேவைப்பட்டிருக்கிறது. பிறகு அடைமொழி தேவையில்லாமல் போயிற்று. சேரி என்றாலே அது என்றானது. சொல்லைக் கெடுத்தது யார் என்று கேட்டால் ஊரைப் பிரித்தவன்தான்.

இங்கிருந்து தெற்கே ஒரு மணிநேர பஸ்ஸில் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரன் வாயில் பாண்டிச்சேரி ஆகிவிட்டதை 2006-இல் சட்டம்போட்டுப் புதுச்சேரி என்று திருத்தினார்கள். பெருமையோடு திருத்தினார்கள். சென்னையில் வேளச்சேரியில் ஒரு மனை வாங்க எவ்வளவு ஆகும் என்று விசாரித்துப் பாருங்கள். பெயரின் வாலில் ஒட்டியிருக்கும்வரை சேரிக்கு மதிப்பு குறைவதில்லை. தனியாக நின்றால்தான் நாறுகிறது. காலனியும் அப்படித்தான். ரயில்வே காலனி, பேங்க் காலனி என்றால் ஒரு மாதிரி. எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் ஏறி வெறுமனே "காலனி ஸ்டாப்" என்று கேட்டால் வேறு மாதிரி. எங்கள் கரையில் ஊர்ப்பெயரின் கடைசி எழுத்துகளைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவார்கள். குப்பம் என்றால் மீன்பிடிக்கிறவர், காலனி என்றால் நாம். ஒன்றும் ஒட்டாமல் ஊர்ப்பெயரை மட்டும் சொன்னால் அவர் 'ஊர்க்காரர்'. ஊருக்குள்ளேயே இருந்தும் ஊர்க்காரராக ஆக முடியாத ஆட்கள் நாம்.

அப்படியானால் கெட்டுப்போன பெயரை என்ன செய்வது? தூக்கி எறிவதா, இறுகப் பிடித்துக்கொள்வதா? இதுதான் என்னை வருஷக்கணக்காக அரிக்கிற கேள்வி.

1922 மார்ச் மாதத்தை எடுத்துக்கொள்வோம். அந்த மாதம் 3-ஆம் தேதி கியோட்டோவில் நாடு முழுவதிலுமிருந்து புராக்கு மக்கள் கூடி சுய்ஹெய்ஷா என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஸாய்கோ மன்கிச்சி எழுதிய அறிக்கை வாசிக்கப்பட்டது. எத்தாவாக இருப்பதில் நாம் பெருமைகொள்ளும் காலம் வந்துவிட்டது என்பது அதன் சாரம். அழுக்கு என்று எழுதி வைத்த அந்தப் பெயரையே எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டார்கள். அவர்கள் கொடியில் முள்முடி. அதே 1922 மார்ச், 25-ஆம் தேதி, சென்னை மாகாணத்தில் ஓர் அரசாணை வந்தது. சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்று, பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுதச் சொன்ன ஆணை. ஒரே மாதம், ஒரே கேள்வி. அங்கே பெயரைப் பிடித்துக்கொண்டார்கள், இங்கே விட்டுவிட்டார்கள்.

ஜப்பானியர்களுக்கு ரோஷம், நமக்கு இல்லை என்று யாராவது முடிவுகட்டிவிடக் கூடாது. இந்தச் சண்டையை நாம் அவர்களுக்கு முன்பே போட்டாயிற்று. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு வைத்த பெயரே 'பறையன்'. எந்தப் பெயரால் இழிவுபடுத்துகிறார்களோ அந்தப் பெயரோடு எழுந்து நின்றால்தான் தலை நிமிரும் என்பது அவர் கட்சி. அயோத்திதாசப் பண்டிதர் அதை ஏற்கவில்லை. அது பகைவர் சூட்டிய பெயர், அதை நாம் சுமப்பது அவர்கள் கட்டிய கதையைச் சுமப்பது என்பது அவர் வாதம். நாம் சாதிபேதமற்ற திராவிடர், பூர்வ பௌத்தர் என்றார். சிறுவயதில் எனக்குச் சீனிவாசன்தான் வீரர். வயதாக ஆகப் பண்டிதர் சொன்னது உறைக்கிறது. இன்றைக்கும் இரண்டு பேரையும் ஒரே தராசில் வைத்துவிட்டு நிற்கிறேன்.

ஆனால் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. பெயரை வைத்தது அவர்களே. காந்தி 'ஹரிஜன்' என்று தூக்கிக் கொடுத்தாரே, அந்த மாதிரி இல்லை. பம்பாய் சட்டமன்றத்தில் 1938-இல் ஒரு மசோதாவில் அந்தச் சொல்லைச் சேர்த்தபோது அம்பேத்கர் தம் கட்சிக்காரர்களோடு வெளிநடப்புச் செய்தார். சொல்லின் பொருள் என்னவோ கடவுளின் பிள்ளைகள் என்று இனிப்பாகத்தான் இருந்தது. கேட்காமல் வைத்த பெயர் என்பதுதான் கோளாறு.

சுய்ஹெய்ஷாவின் முதல் தீர்மானமும் இதைத்தான் தொடுகிறது. எத்தா என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். நீ அவமதிக்கிற நோக்கில் சொன்னால் உன்னை நிறுத்திக் கேள்வி கேட்போம். அப்படியே செய்தார்கள். சொன்னவனைச் சபையில் நிறுத்தி விளக்கம் கேட்டார்கள். சில சமயம் அது எல்லை மீறியது என்று குற்றச்சாட்டு உண்டு. இருக்கலாம். நூற்றாண்டுக் கணக்காக எல்லை மீறியவர்கள் சொல்லும்போது கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

'சுய்ஹெய்' என்றால் நீர்மட்டம். தண்ணீர் போல மேடு பள்ளம் இல்லாத சமம். இந்தச் சொல்லை உப்பளக்காரனுக்கு விளக்க வேண்டாம். பாத்தியின் தரை மட்டமாக இருக்க வேண்டும். ஒரு மூலையில் விரல்கனம் பள்ளம் இருந்தாலும் தண்ணீர் அங்கே போய்த் தேங்கிக்கொள்ளும், மறுபக்கம் காய்ந்து வெடிக்கும், உப்பு ஒரே சீராகப் பூக்காது. அதனால்தான் நாள்கணக்காக மிதிக்கிறார்கள். என் அம்மா மிதித்திருக்கிறாள். அவள் பாதத்தின் வெடிப்பில் உப்பு ஏறி ராத்திரியில் எரியும், வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நம் மொழியில் மட்டம் என்றால் சமமும் உண்டு, கீழானது என்ற பொருளும் உண்டு. மட்டமான ஆளு என்கிறோம், மட்டம் தட்டுகிறான் என்கிறோம். தரையை மட்டம் செய்கிறவளை மட்டம் என்று சொல்கிற மொழி. எனக்கு என் மொழி மேல் கோபம் வருகிற இடங்களில் இது ஒன்று.

பெயரைப் பிடிப்பது, விடுவது இரண்டையும் தவிர மூன்றாவது ஒரு வழியும் இருக்கிறது. அதைத்தான் நம்மில் பலர் செய்கிறோம், வெளியே சொல்வதில்லை. மறைப்பது. ஷிமாசாகி தோசோன் 1906-இல் 'ஹாகாய்' என்றொரு நாவல் எழுதினார். எத்தா குடும்பத்தில் பிறந்த ஒரு பள்ளி ஆசிரியனின் கதை. என்ன நடந்தாலும் நீ யார் என்று சொல்லிவிடாதே என்பது தகப்பன் இட்ட கட்டளை. கடைசியில் அவன் கட்டளையை மீறுகிறான். வகுப்பறையில் மாணவர்கள் முன் மண்டியிட்டு, இத்தனை நாள் மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறான். அந்த இடத்தில் எனக்குப் புத்தகத்தை வீசியெறியத் தோன்றியது. மன்னிப்பு யார் யாரிடம் கேட்பது? புராக்கு மக்களும் இந்த நாவலைக் கண்டித்தார்கள். 1939-இல் வந்த பதிப்பில் எத்தா என்ற சொல்லை மாற்றி, மென்மையான வேறு சொற்களைப் போட்டார்கள். 1953-இல் மறுபடியும் பழைய சொல்லே திரும்பியது. இத்தனை மாற்றத்திலும் அந்த ஆள் மண்டியிட்டபடியேதான் இருக்கிறான்.

என் வீட்டில் கட்டளையை இட்டது அம்மா. "யாரு கேட்டாலும் மரக்காணம்னு சொல்லு. தெருப்பேரு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத." பட்டப்படிப்பு முடித்து வேலை தேடிய நாளில் பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் கம்பெனிக்கு நேர்முகத்துக்குப் போனேன். விண்ணப்பத்தில் காலனி என்று எழுதவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்லபடியாகத்தான் பேசினார். மார்க்கைப் பார்த்தார், தலையாட்டினார்.

"மரக்காணமா? நமக்கு சொந்தக்காரங்க இருக்காங்க அங்க. பஸ் ஸ்டாண்டுல இறங்கி எந்தப் பக்கம் போவணும் உங்க வீட்டுக்கு?"

"உப்பளத்துப் பக்கம் சார்."

"உப்பளத்துக்கு முன்னாடியா, தாண்டியா?"

"தாண்டி."

"ஓ."

அந்த ஒற்றை எழுத்துக்கு எந்த அகராதியிலும் பொருள் கிடையாது. பேனாவை மூடி வைத்தார். கடிதம் வரும் என்றார். வரவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லவும் இல்லை. நான் பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. இதில் எது தப்பு என்று அன்றைக்கும் தெரியவில்லை. அந்த 'ஓ' போட்டவருக்கு இப்படி ஒரு தர்மசங்கடம் ஒருநாளும் வந்திருக்காது என்பது மட்டும் தெரியும்.

ஜப்பானில் இதை வியாபாரமாகவே நடத்தியிருக்கிறார்கள். நாடு முழுவதும் எந்தெந்த இடம் புராக்கு என்று பெயர்களைத் தொகுத்து ரகசியப் புத்தகமாக விற்றது 1975-இல் அம்பலமானது. வாங்கியவற்றில் பெரிய பெரிய கம்பெனிகளும் இருந்தன. வேலைக்கு வருகிறவனின் முகவரியை அதில் வைத்துத் தட்டிப் பார்ப்பார்கள். நம் நாட்டில் அந்தப் புத்தகம் அச்சாக வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொரு 'ஊர்க்காரர்' தலைக்குள்ளும் அது மனப்பாடமாக இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் என்ற ஒரே கேள்வியில் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

அரசு என்ன செய்தது? அங்கே 'தோவா' என்று ஒரு சொல்லைக் கொண்டுவந்தார்கள். சகோதரர்களின் இணக்கம் என்ற பொருளில் உண்டான சுருக்கம். 1969-இல் சிறப்புச் சட்டம் இயற்றி, தோவா பகுதிகளில் வீடு, சாலை, பள்ளி என்று பெரும்பணம் செலவிட்டார்கள். வேலை நடந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொஞ்ச காலத்தில் அந்த இணக்கம் என்ற சொல்லும் சிலர் வாயில் ஏச்சாகிவிட்டது. 2002-இல் சிறப்புச் சட்டங்கள் முடிந்தன. அதிகாரக் கணக்கில் தோவா பகுதி என்று ஒன்று இல்லாமல் போயிற்று. கதை முடிந்ததா? 2016-இல் புராக்குப் பாகுபாட்டை ஒழிக்க என்று தனியாக ஒரு சட்டம் போட வேண்டி வந்தது. எத்தனையோ இதமான சொற்களைத் தேடிப் பிடித்த அரசு, கடைசியில் சட்டத்தின் பெயரிலேயே புராக்கு என்று எழுதியது. இடப்பெயர்ப் பட்டியலை மீண்டும் வெளியிட முயன்றவர்கள் மீது புராக்கு மக்கள் வழக்குப் போட்டார்கள். 2023-இல் டோக்கியோ உயர்நீதிமன்றம், பாகுபாட்டுக்கு ஆளாகாமல் வாழ்வது ஒருவரின் உரிமை என்று சொன்னது. வெறும் ஊர்ப்பெயர்ப் பட்டியல்தானே என்ற சமாதானம் எடுபடவில்லை.

நம் பக்கத்தில் 2025 ஏப்ரல் 29-இல் முதலமைச்சர் ஸ்டாலின், காலனி என்ற சொல் அரசுப் பதிவுகளிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். தீண்டாமையின் குறியீடாகவும் வசையாகவும் அது மாறிவிட்டது என்று காரணம் சொன்னார். காரணம் சரி. ஒரு முதலமைச்சர் இதைச் சபையில் சொன்னதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. எத்தனை பிள்ளைகளின் சான்றிதழில் அந்தச் சொல் முத்திரைபோல் விழுந்திருக்கிறது! ஆனால் 1871-இன் 'புதுக் குடிமக்கள்' கதை தெரிந்தவனுக்குக் கொஞ்சம் கிலி இருக்கத்தான் செய்யும். சேரியை மூடி வைக்க வந்த சொல்தான் காலனி. இப்போது காலனியை மூட ஒரு சொல். நகர் என்று வைப்பார்கள். பத்து வருஷம் போனால் "நகர்க்காரப் பசங்களா" என்று டீக்கடையில் கேட்பார்கள். சுடுகாட்டுக்குப் போகிற வழி இரண்டாக இருக்கும்வரை, எந்தச் சொல்லைக் கொண்டுவந்து போட்டாலும் அந்த இரண்டு வழியும் சேர்ந்து அதைப் பிய்த்துத் தின்றுவிடும்.

எங்கள் தெருவில் இது பேச்சாக ஓடியது. வேப்பமரத்தடியில் ஒரு ராத்திரி முழுக்க. இளவட்டங்கள் அம்பேத்கர் நகர் என்றார்கள். ஒரு பெரியவர், "அவரு பேர வச்சா அவரு பேரையும் சேத்துத்தாண்டா ஏசுவானுங்க" என்றார். சித்தப்பா ஒருத்தர், "சேரின்னே எழுது. உத்திரமேரூர்ல அய்யருங்க இருந்த இடத்துப் பேருதானாம், இவன் சொல்றான்" என்று என்னைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை. நான் அதை ஆதரித்துப் பேசினேன். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. "நீ எழுதறவன், உனக்கு ஆவும். எங்க புள்ளைங்க வேலைக்குப் போவணும்" என்று அக்கா முறையானவள் ஒருத்தி சொன்னாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. முடிவாகாமல் கலைந்தோம்.

போன மாதம் தங்கச்சி மகள் நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மாமா, அட்ரஸ்ல என்னா எழுதட்டும்?" என்று கேட்டாள். சுய்ஹெய்ஷாவைப் பற்றி அவளுக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன், இரட்டைமலையாரையும் சொல்லியிருக்கிறேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். உனக்கு எது சரின்னு படுதோ எழுதும்மா என்றேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டுக் கதவெண், தெரு, மரக்காணம் என்று மட்டும் எழுதினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.